வீட்டுப் பட்டறை: கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டால்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நாகபுரியிலுள்ள நம்மவர் இல்லங்களில் இரண்டே பேச்சுக்கள்தாம் காதில் விழும். ஒன்று, ரயிலில் இடம் கிடைத்ததா என்பது. மற்றொன்று, கிடைக்காவிட்டால் காரிலேயே போய்விடலாமா என்பது. காரில் போவோர்க்கு வழி கேட்கவேண்டிய தொல்லை இல்லை. 2010ஆம் ஆண்டின் எண் மாற்றத்துக்கு முன்னர் 7 என்றும், பின்னர் 44 என்றும் வழங்கும் தேசிய நெடுஞ்சாலை நம் ஊரைத் தொட்டுக்கொண்டு ஐதராபாத், கர்நூல், பெங்களூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை ஒரே சாலையாகச் செல்கிறது. ஆனால் திருநெல்வேலி வரை 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. அவ்வளவு தூரமும் ஒரு சின்னஞ்சிறு ரப்பர்க் குல்லாயை நம்பிப் போகிறோம் என்பதை நம்மில் பலர் அறியோம். அந்த ரப்பர்க் குல்லாயைப் பற்றியதே இம்மாதக் கட்டுரை.

எங்கள் அடுத்த வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர் மனைவியோடு குடியிருக்கிறார். அவர் என்னை 'அண்ணாச்சி' என்று அழைப்பார். தஞ்சைப் பக்கத்தில் பிறந்த எனக்கு அச்சொல் முதலில் புதிதாக இருந்தது. இப்போது ஒருநாள் கேளாவிட்டால் ஏதோ குறைவதுபோல் தோன்றுகிறது. சென்ற சித்திரையில் ஒருநாள் மாலை அவர் முகம் வாடி வந்து நின்றார். ஊரில் அவருடைய தந்தையாருக்கு அறுபதாம் கலியாணம். மூத்த மகன் என்ற முறையில் முன்னின்று நடத்தவேண்டியவர் அவர். புறப்பட இன்னும் எட்டே நாட்கள். ரயிலில் இடமில்லை, காரை நம்பியிருந்தார். அந்தக் காரோ கியர் விழாமல் தகராறு செய்யத் தொடங்கிவிட்டது.

பட்டறை ஒன்றில் காட்டியிருக்கிறார். அங்கிருந்த மெக்கானிக் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, "ப்ளேட் கயா" என்று சொல்லிவிட்டாராம். பிளேட் போய்விட்டது, கியர் பெட்டியை இறக்கவேண்டும், உடனே முடியாது, செலவும் பெரிது என்பது அதன் பொருள். அதற்கு மேல் கேட்க நம் இளைஞரிடம் இந்தி இல்லை. அயலூரில் பிழைப்பவர்க்கு இது பழகிப்போன சங்கடம். நோய் என்னவென்று நமக்கே தெரிந்திருந்தால் அரைகுறை மொழியிலும் பேசிவிடலாம். தெரியாதபோது எவ்வளவு மொழியறிவு இருந்தும் தலையாட்டத்தான் நேரும். அந்த மெக்கானிக் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவசரத்தில் அப்படித் தோன்றியிருக்கலாம்.

நான் அவரை மூன்று கேள்விகள் கேட்டேன்.

"தம்பி, மேட்டில் ஏறும்போது இஞ்சின் இரைச்சல் மட்டும் கூடி, வேகம் கூடாமல் இருக்கிறதா?"

"இல்லை அண்ணாச்சி, இழுப்பு நன்றாகவே இருக்கிறது."

"கியர் எப்போது விழ மறுக்கிறது?"

"நின்ற இடத்தில் முதல் கியர் போடும்போது. ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று பல் உரசுகிறது. இஞ்சினை நிறுத்திவிட்டால் எல்லாக் கியரும் வெண்ணெய்போல் விழுகின்றன."

"பெடலை இரண்டு மூன்று தடவை தொடர்ந்து மிதித்துவிட்டுப் போட்டால்?"

"அப்போது விழுகிறது. நான் அப்படித்தான் இரண்டு வாரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்."

எனக்கு நம்பிக்கை பிறந்தது. கிளட்சின் வேலை இரண்டு: பிடிப்பது, விடுவது. பிளேட் தேய்ந்தால் பெரும்பாலும் பிடிப்புக் குறையும். இஞ்சின் சுற்றும், சக்கரம் அதற்கு ஈடாகச் சுற்றாது. இவருடைய வண்டியிலோ பிடிப்பு சரியாக இருக்கிறது, விடுவதுதான் சரியில்லை. பெடலை மிதித்த பின்னும் பிளேட் முழுமையாக விலகாமல் உரசிக்கொண்டே சுற்றுவதால் கியர் உள்ளே போக மறுக்கிறது. பல வண்டிகளில் ரிவர்ஸ் பல்லுக்கு மட்டும் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ அமைப்பு கிடையாது. ஆதலால் கிளட்ச் சரியாக விடவில்லை என்பதை முதலில் அறிவிப்பது ரிவர்சே. தொடர்ந்து மிதித்தால் சரியாகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் பெடலுக்கும் கிளட்சுக்கும் இடையிலுள்ள திரவ வழியில்தான்.

அந்த வழியைச் சற்று விளக்கவேண்டும். சிறு கார்கள் பலவற்றில் பெடலிலிருந்து கிளட்சுக்கு ஓர் இரும்புக் கேபிள் செல்லும். வேறு பலவற்றில் கேபிளுக்குப் பதிலாக ஒரு குழாயும் அதனுள் அடைபட்ட திரவமும் உண்டு. மேலே, பெடலுக்கு நேர் எதிரே இஞ்சின் பக்கத்தில் இருப்பது மாஸ்டர் சிலிண்டர். கீழே, கியர் பெட்டியின் பக்கத்தில் இருப்பது ஸ்லேவ் சிலிண்டர். நம் மெக்கானிக்குகள் இவற்றை அப்பர், லோயர் என்பர். நாமும் அப்படியே சொல்வோம். இரண்டிலும் ஒரு பிஸ்டன், அதன் தலையில் ஒரு ரப்பர்க் குல்லாய். அப்பரின் பிஸ்டனைத் தள்ளினால் திரவம் குழாய் வழியே சென்று லோயரின் பிஸ்டனைத் தள்ளும். அது ஒரு கவையைத் தள்ளி, கிளட்சை விடுவிக்கும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டு சொன்ன விதிதான் இங்கே வேலை செய்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். பெடலின் நெம்பு 6 மடங்கு என்றும், அப்பரின் உள்விட்டம் 15.87 மில்லிமீட்டர், லோயரின் உள்விட்டம் 20.64 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். விட்டங்களின் விகிதத்தைத் தன்னாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 1.7 வரும். காலால் 10 கிலோ எடையளவு அழுத்தினால் அப்பரில் 60 ஆகி, லோயரில் 100 ஆகிறது. ஆனால் விசை பெருகப் பெருக நகரும் தூரம் சுருங்கும். பெடல் 15 சென்டிமீட்டர் கீழே போனால் அப்பரின் பிஸ்டன் நகர்வது 2.5 சென்டிமீட்டர், லோயரின் பிஸ்டன் நகர்வது 1.5 சென்டிமீட்டர் மட்டுமே. கிளட்ச் விடுவதற்கு நம் கையிலுள்ள முதல் அந்த ஒன்றரை சென்டிமீட்டர்தான். குல்லாய் ஓரத்தில் திரவம் கசிந்தாலோ, குழாயில் ஒரு காற்றுக்குமிழ் புகுந்தாலோ, அந்த முதலில் பாதி போய்விடும். திரவம் அழுத்தினால் சுருங்காது எனலாம். காற்றோ பஞ்சுபோல் சுருங்கிக்கொள்ளும். பெடல் கீழே போகும், கவை அசையாது.

மறுநாள் காலை வண்டியைப் பார்த்தோம். முதலில் ஓட்டுநர் காலடியிலுள்ள மிதியடியைத் தூக்கினேன். அடியில் ஈரம்; பெடல் தண்டு நுழையும் இடத்தில் சொட்டாக நின்றது. அப்பர் கசிகிறது. பிறகு கீழே லோயரின் ரப்பர் உறையை விரலால் சற்று விலக்கினேன். உள்ளிருந்து கறுத்த நீர் வழிந்தது. அதுவும் கசிகிறது. இஞ்சினை நிறுத்திய நிலையில் அவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி லோயரின் தண்டைப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகரவேண்டியது நெல் நீளங்கூட நகரவில்லை. பட்டறைக்காரர் இந்த இரண்டு இடங்களையும் பார்த்திருந்தால் பிளேட் என்று சொல்லியிருக்க மாட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில வண்டிகளில் லோயர் வெளியே இராது. கியர் பெட்டியின் உள்ளே, தண்டைச் சுற்றி வளையம்போல் அமைந்திருக்கும். அதை மாற்றக் கியர் பெட்டியை இறக்கியே ஆகவேண்டும். அது வீட்டு வாசலில் செய்யும் வேலையன்று. லோயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றவேண்டும். நம் இளைஞரின் வண்டியில் இரண்டு போல்ட்டுகளோடு வெளியிலேயே இருந்தது, அவருடைய நல்லகாலம்.

ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பழைய வண்டியில் நானும் அப்படித்தான் சிக்கனம் பார்த்தேன். லோயரை மட்டும் புதிதாகப் போட்டேன். மூன்றே வாரத்தில் அப்பர் போய்விட்டது. காரணம் பின்னால்தான் விளங்கியது. ஆண்டுக்கணக்கில் அப்பரின் குல்லாய் சிலிண்டரின் ஒரு பகுதியில் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு அப்பாலுள்ள பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். காற்றை வெளியேற்றுவதற்காகப் பெடலைத் தரை வரை அமுக்கும்போது குல்லாய் அந்தத் துருவின்மேல் ஏறிக் கிழிந்துபோகிறது. இரண்டுக்கும் ஒரே வயது. இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே சிக்கனம். ரப்பர்களை மட்டும் 'கிட்' என்று தனியே விற்பார்கள். சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் இருந்தால் அது போதும். நகத்துக்குக் கீறல் தட்டுப்பட்டால் கிட் வாங்குவது வீண்; சிலிண்டரை முழுதாக வாங்குக. 1,600 கிலோமீட்டர் போகவேண்டியிருந்ததால் நாங்கள் முழுதாகவே இரண்டையும் வாங்கினோம். அவருக்குப் பட்டறையில் சொன்ன தொகையில் அது ஒரு சிறு பங்குதான்.

திரவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கடைகளில் இதைப் 'பிரேக் ஆயில்' என்கிறார்கள். இந்தப் பெயரால் விளைந்த கேடு கொஞ்சநஞ்சமன்று. இது எண்ணெய் அன்று. எண்ணெய்தானே என்று இஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர்கள் எல்லாம் ஊதிப்போய், திரவம் தொட்ட ரப்பர் ஒவ்வொன்றையும் மாற்றவேண்டி வரும். புட்டியின்மேல் டாட் 3 அல்லது டாட் 4 என்று அச்சிட்டிருக்கும். வண்டியின் மூடியிலோ கையேட்டிலோ எது குறித்திருக்கிறதோ அதையே வாங்குக. இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 ஆகத் தாழ்கிறது. டாட் 4க்கு 230, 155. ஆகவே பாதி மிஞ்சி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த புட்டியைப் பயன்படுத்தலாகாது. இது வண்டியின் வர்ணத்தையும் உரித்துவிடும். சிந்தினால் துடைப்பதோடு நில்லாமல் உடனே நீர் விட்டுக் கழுவவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு, வெயில் ஏறுமுன் தொடங்கினோம். நாகபுரி வெயிலைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரு புறமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு விநாடியும் தலையை நீட்டக்கூடாது. ஸ்டாண்டு இல்லையென்று செங்கல்லோ சிமெண்டுக் கட்டியோ வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஸ்டாண்டு கிடைக்காவிட்டால் வேலையை ஒத்திப்போடுங்கள். ஊர்ப்பயணமும் அதற்குப் பிறகுதான்.

தொட்டியிலிருந்த பழைய திரவத்தை ஊசியில்லாத மருந்துப் பீச்சாங்குழலால் உறிஞ்சினோம். அவருடைய வண்டியில் கிளட்சுக்குத் தனித் தொட்டி. பல வண்டிகளில் பிரேக் தொட்டியிலிருந்தே ஒரு ரப்பர்க் குழாய் கிளட்சுக்கு வரும். அப்படியானால் பிரேக் தொட்டியை வற்றவிடக்கூடாது; கிளட்சுக்குப் போகும் குழாயைக் கழற்றியதும் இரு முனைகளையும் அடைத்துவிடவேண்டும். பிரேக்கினுள் காற்றுப் புகுந்தால் கிளட்ச் வேலை போய் உயிர் சம்பந்தமான வேலை ஆகிவிடும்.

அப்பரைக் கழற்றுவதில் மூன்று காரியங்கள். காலடியில் பெடலையும் தண்டையும் இணைக்கும் முளையை எடுக்கவேண்டும். அதைக் காக்கும் சிறு கம்பி ஊசி கீழே விழுந்து மறையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பின்பு இரண்டு நட்டுகள். கடைசியாக இரும்புக் குழாயின் நட்டு. இந்த நட்டுத்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது. மென்மையான உலோகம், சாதாரண ஸ்பானர் போட்டால் மூலைகள் மழுங்கிவிடும். குழாய் நுழைய வாயில் சிறு பிளவுள்ள ரிங் ஸ்பானர் தனியாக விற்கிறது, அதையே பயன்படுத்துக. புதிய அப்பரைப் பொருத்தும்போது இந்த நட்டை முதலில் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்றிவிட்டு, அதன்பின் மற்ற இரண்டு நட்டுகளை முறுக்கவேண்டும். மாற்றிச் செய்தால் குழாய் நேர்க்கோட்டில் வராது. மரையைக் கெடுத்துக்கொண்டு உட்கார நேரும்.

தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இம்மியளவு இடைவெளி இருக்கவேண்டும். அது இல்லாவிடில் பிஸ்டன் முழுதும் திரும்பி வராது. திரவம் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். அழுத்தம் உள்ளேயே தங்கிக் கிளட்ச் நழுவத் தொடங்கும். நல்ல பிளேட்டை நாமே கருக்கிவிடுவோம். பெடலை விரலால் தொட்டால் முதலில் சற்றே தொளதொளவென்று ஆடவேண்டும். எவ்வளவு என்பதை வண்டியின் கையேடு சொல்லும்.

லோயர் எளிது. குழாய், இரண்டு போல்ட்டு, அவ்வளவே. லோயர் கழன்றிருக்கும்போது மட்டும் யாரும் பெடலைத் தொடக்கூடாது. பிஸ்டன் துப்பாக்கிக் குண்டுபோல் வெளியே வந்துவிடும். காற்றை விடும் நிப்பிள் குழாய் முனையைவிட மேலே இருக்கும்படி பொருத்தவேண்டும். காற்று மேலேதான் போகும் அல்லவா?

பிறகுதான் ஏர் எடுக்கும் படலம். நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது புதுத்திரவம் உள்ள புட்டியில் அமிழ்த்தினோம். இளைஞரின் மனைவி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். நான் கீழிருந்து "மிதியுங்கள் அம்மா" என்பேன். அவர் மிதித்துப் பிடித்துக்கொண்டு "மிதித்துவிட்டேன்" என்பார். நிப்பிளைத் திறந்து, குமிழ் வந்ததும் மூடி, "விடுங்கள்" என்பேன். மூடுமுன் விட்டால் வெளியேறிய காற்று திரும்பவும் உள்ளே போகும். காற்று இருக்கும்வரை பெடல் தானாக எழும்பாது. காலாலோ கையாலோ தூக்கிவிடவேண்டும். நாலைந்து தடவைக்கு ஒருமுறை தொட்டியில் திரவம் நிரப்புவது இளைஞரின் பொறுப்பு. தொட்டி வற்றினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

முப்பது தடவை மிதித்தாயிற்று. குமிழ் வருவது நின்றுவிட்டது. பெடல் மட்டும் பஞ்சுபோலவே இருந்தது. மணி 10. வெயில் முதுகைச் சுட்டது. இளைஞர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் 'பிளேட்தானோ?' என்று அவர் முகம் கேட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கே ஒரு கணம் ஐயம் வந்துவிட்டது.

குழாய் ஓரிடத்தில் மேலேறிக் கீழிறங்கும்படி வளைந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அந்த வளைவின் உச்சியில் காற்று தங்கிவிட்டால், மெதுவாகப் போகும் திரவம் அதைக் கீழே இழுத்து வராது. எனவே தலைகீழாகச் செய்தோம். நிப்பிளை மூடி, பெடலை முழுதும் மேலே விட்டு, தொட்டியின் மூடியைத் திறந்து, திரவத்தைச் சற்றுக் குறைத்து வைத்தோம். லோயரின் போல்ட்டுகளை எடுத்து, அதன் தண்டைக் கையால் மெல்ல, மிக மெல்ல உள்ளே அழுத்தினேன். மேலே நின்ற இளைஞர், "அண்ணாச்சி, குமிழ் வருகிறது! பெரிதாக வருகிறது!" என்று கூவினார். நாலைந்து முறை அழுத்தி விட்டதும் குமிழ் நின்றது. லோயரைத் திரும்பப் பொருத்தி மிதிக்கச் சொன்னோம். "கெட்டியாக இருக்கிறது அண்ணா," என்றார் அந்த அம்மாள்.

வண்டியை இறக்கி, இஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதித்து மூன்று விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டார் இளைஞர். ஓசையே இல்லை. அதன்பின் பெடலை ஒரு நிமிடம் மிதித்தபடியே பிடித்திருக்கச் சொன்னேன். அது தானாகக் கீழே தாழவில்லை. அப்பரின் குல்லாய் உள்ளுக்குள் கசியவில்லை என்பதற்கு அதுவே சோதனை. பழைய திரவத்தைச் சாக்கடையில் கொட்டாமல் புட்டியில் அடைத்து, கழிவு எண்ணெய் சேர்க்கும் பட்டறை ஒன்றில் கொடுத்தோம். அடுத்த நான்கு நாட்களும் காலையில் இரண்டு இடங்களையும் வெள்ளைத்துணியால் துடைத்துப் பார்த்தார். துணி உலர்ந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டார்கள். மறுநாள் மாலை கிருஷ்ணகிரி அருகே ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, வண்டி சௌக்கியமா என்று கேட்டேன். "கடை வாசலில் இடுக்கிலே வண்டியை விட்டுவிட்டார்கள், அண்ணாச்சி. ஏழெட்டுத் தடவை ரிவர்ஸ் போட்டுத்தான் எடுத்தேன்," என்றார்.